அமுக்கம் எங்கே போனது?

கண்டியில் வேன் வைத்திருப்பவர்களுக்குத் தனி அகராதி ஒன்று உண்டு. டொயோட்டா கம்பனி ஹயேஸ் என்ற ஒரே பெயரில் செய்து அனுப்பிய வண்டிகளை நம்மவர்கள் உருவத்தைப் பார்த்துப் பிரித்துப் பெயர் வைத்துவிட்டார்கள். எண்பதுகளில் ஓடியது ‘ஷெல்’. 1989இல் அறிமுகமான, முகம் சற்று உருண்ட வண்டி ‘டொல்பின்’. 2004க்குப் பிறகு வந்தது ‘கேடிஎச்’. காலை ஆறரை மணிக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நின்று பாருங்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் நுழையும் வேன்களுக்கிடையில் டொல்பின்களை இன்றும் காணலாம். அவற்றுள் பல, தாம் ஏற்றிச் செல்லும் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு வயதானவை.

இந்தக் கிழட்டு வண்டிகளை ஏன் இன்னும் கட்டி அழுகிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறக்குறைய ஐந்து வருடங்கள் புதிதாக எதுவும் வரவில்லை. இருந்தவற்றின் விலையோ ஏறிக்கொண்டே போனது. வேனை விற்றால் அந்தப் பணத்துக்கு அதே வேனைக்கூடத் திருப்பி வாங்க முடியாத காலம் அது. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு வேனைப் பழுது பார்ப்பது வேலை மட்டுமல்ல, பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்வதும்தான்.

பழைய வண்டிக்கு வரும் வியாதிகளுள் சாரதி மிகவும் அஞ்சுவது சூடேறுவதற்கு. பிரேக் தேய்ந்தால் சத்தம் கேட்கும். கிளட்ச் வழுக்கினால் காலில் தெரியும். சூடு அப்படியல்ல. ஹீட் மீட்டரின் முள் மெல்ல மேலே ஏறும்போது நாம் அநேகமாக ஏதாவதொரு மலையின் நடுவில் இருப்போம். ஓரம் கட்ட இடமிருக்காது. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருப்பான்.

மலைநாட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் 98 பாகையளவிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 பாகையே போதும். எஞ்சினோ 80க்கும் 95க்கும் இடையிலான சூட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும். திறந்த பானையில் தண்ணீர் ஊற்றி எஞ்சினைக் குளிரவைக்க முயன்றால், மலையேறும் வண்டியில் அது சோறு வடிப்பதுபோல் பொங்கிவிடும். இதற்காகத்தான் ரேடியேட்டருக்கு வெறும் மூடி போடாமல், வில்லும் ரப்பர் வளையமும் வைத்த அமுக்க மூடி போடுகிறார்கள். மூடியின் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருக்கும். சதுர சென்ரிமீற்றருக்கு அத்தனை கிலோகிராம் அமுக்கம் சேரும்வரை அது திறக்காது. 0.9 மூடி ஒழுங்காக வேலை செய்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 118 பாகை வேண்டும். சமையலறையில் பிரெஷர் குக்கர் செய்வதும் இதைத்தான். ஆக, வண்டியைக் காப்பாற்றுவது தண்ணீர் மட்டுமல்ல, அந்தத் தண்ணீரின் மேல் நிற்கும் அமுக்கமும்தான். அமுக்கம் ஒழுகிப் போனால், ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருந்தும் பயனில்லை.

எனது டொல்பினில் அந்த அமுக்கம் எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கிறது என்பதை 2023ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் கண்டுகொண்டேன். ஹஜ்ஜுக்குப் போகும் ஒருவரைக் கட்டுநாயக்காவில் விட்டுவிட்டு, வழியனுப்ப வந்த உறவினர் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு இரவில் திரும்பிக்கொண்டிருந்தேன். மாவனல்லை வரை முள் அசையவில்லை. கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கியதும் ஏறத் தொடங்கியது. டோசன் கோபுரம் கண்ணில் படுமுன்னே முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை உடனே அணைக்காமல் சற்று நேரம் சும்மா ஓடவிட்டு, பிறகு சீட்டைத் தூக்கினேன். ஆவி. உள்ளே இருந்த பெண்கள் ஸலவாத்து ஓதத் தொடங்கினார்கள்.

சூடான மூடியைத் திறக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவசரத்தில் திறந்து முகத்தையும் கையையும் பொசுக்கிக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் ஒருவர் இருவரல்ல. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஆறியபின் திறந்தால் ரேடியேட்டரில் தண்ணீர் வெகுவாகக் குறைந்திருந்தது. பக்கத்திலிருந்த உபரிப் போத்தலோ நிறைந்து வழிந்த நிலையில் இருந்தது. வண்டிக்கடியில் ஒரு சொட்டு ஒழுக்கும் கண்ணில் படவில்லை. தண்ணீர் நிரப்பிக்கொண்டு மெதுவாக ஊர் வந்து சேர்ந்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் நகரத்தருகே ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூன்று நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“ஹெட் கேஸ்கட் போய்ட்டு. ஹெட்டும் வெடிச்சிரிக்கும். கழற்றத்தான் வேணும்.”

ஒரு இலட்சத்து எண்பதாயிரம் என்றார். ஹெட்டில் வெடிப்பு இருந்தால் அதற்குமேல். பத்து நாள் வண்டி அங்கே நிற்க வேண்டும்.

பத்து நாள் என்றால் பதினான்கு பிள்ளைகள். அவர்களைச் சுமப்பதற்கு நான் வேறொரு வேனை வாடகைக்கு அமர்த்த வேண்டும், அல்லது பெற்றோர் வேறு வேன் பார்த்துக்கொள்வார்கள். போன பிள்ளை திரும்பி வருவது அபூர்வம். இதை நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அஸருக்குப் பள்ளியில் கண்டவர்களெல்லாம் வைத்தியர்களாகிவிட்டார்கள். ஒருவர் ரேடியேட்டருக்குள் மஞ்சள்தூள் போடச் சொன்னார். ஒருவர் மிளகுதூள். ஒருவர் முட்டை வெள்ளைக்கரு. வேறொருவர், “அந்தத் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசுங்க நானா, அது ஜப்பான் குளிருக்குத்தானே” என்றார். மச்சான் ஒருவர் பஞ்சிகாவத்தையில் இன்னும் பாரமான மூடி இருப்பதாகவும், அதைப் போட்டால் தண்ணீர் வெளியே வர வழியே இருக்காது என்றும் சொன்னார்.

சொன்னவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் ஆபத்து உண்டு. மஞ்சளும் மிளகும் சிறு ஓட்டையைச் சில நாள் அடைப்பது உண்மை. அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். பிறகு ஒழுக்கு நின்ற வண்டி அடைப்பினால் சூடேறும். தெர்மோஸ்டாட் 82 பாகையளவில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் கதவு. திறக்கும்போது குறுக்கு வழியைத் தானே அடைக்கும் வகைத் தெர்மோஸ்டாட் இருக்கும் எஞ்சினில் அதைக் கழற்றினால், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிச் சுற்றும். மலையில் சூடு கூடுமேயன்றிக் குறையாது. பாரமான மூடியோ எல்லாவற்றிலும் மோசம். பழைய ஹோஸும் பழைய ரேடியேட்டரும் தாங்கும் அளவைப் பார்த்துத்தான் மூடிக்கு அளவு வைத்திருக்கிறார்கள். வெளியே போகும் வழியை அடைத்தால், உள்ளே மிகவும் பலவீனமான இடம் எதுவோ அது வெடிக்கும்.

கராஜ்காரர் சொன்னதையும் சும்மா தள்ளிவிட முடியாது. டொல்பினில் இருக்கும் த்ரீ எல் எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு, தலை அலுமினியக் கலவை. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவு மீறிச் சூடேறினால் தலை வளையும், இடையிலுள்ள கேஸ்கட் பிடி விடும். அப்போது சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீருக்குள் புகுந்து, தண்ணீரைத் தள்ளிப் போத்தலை நிறைக்கும். போத்தல் நிறைந்திருந்ததும், ரேடியேட்டர் குறைந்திருந்ததும், கீழே ஒழுக்கில்லாததும் அவர் சொன்ன நோய்க்கும் பொருந்தும். ஆனால் வேறு நோய்களுக்கும் பொருந்தும். அதைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் பரிசோதனை. அவர் பரிசோதிக்கவில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் எனக்கு ஒரு பாஸைத் தெரியும். சிங்களவர், அறுபது தாண்டியவர். 2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணைப் பக்கத்திலும் நம்மவர் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் தாக்கப்பட்ட அந்த நாட்களில், பிரேக் வேலைக்கு விட்டிருந்த எனது வேன் அவருடைய கராஜில்தான் நின்றது. ஊரடங்குச் சட்டம். போய்ப் பார்க்க வழியில்லை. வேன் போய்விட்டது என்றே மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஊரடங்கு தளர்ந்து போனபோது, வேன் கராஜின் கடைசி மூலையில், முன் கண்ணாடியிலிருந்த பிஸ்மில்லாஹ் தெரியாதபடி தார்ப்பாயால் மூடப்பட்டு நின்றது. அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பிரேக் வேலை முடிஞ்சு நானா” என்றார், சிங்களத்தில். நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் சொல்வதை நான் நம்புவேன். அவரிடம்தான் மறுபடி போனேன்.

பாஸ் சீட்டைத் தூக்கவில்லை. முதலில் கேள்விகள்தான்.

“கட்டுகஸ்தோட்டை நெரிசலில நிக்கிறப்போ சூடேறுதா, ஏற்றத்திலயா?”

ஏற்றத்தில் மட்டும் என்றேன். நெரிசலில் நிற்கும்போது ஏறினால் காற்று போதாது, ஃபேனைப் பார்க்க வேண்டும் என்றார். ஓட்டத்திலும் ஏற்றத்திலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் ஓட்டம், அமுக்கம் இந்த மூன்றையும் பார்க்க வேண்டுமாம்.

“ஆறினப் பிறகு போத்தல்ல தண்ணி குறையுமா?”

குறையாது, போத்தல் நிறைந்தபடியே இருக்கும், ரேடியேட்டர்தான் குறைந்திருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். சூட்டில் போத்தலுக்குத் தள்ளப்பட்ட தண்ணீரை, ஆறும்போது ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். உறிஞ்சவில்லை என்றால் மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு வேலை செய்யவில்லை, அல்லது வேறெங்கோ இருந்து காற்றை உறிஞ்சுகிறது. உறிஞ்சுகுழாயில் ஓட்டை இருந்தால் பானம் மேலே வராததுபோல.

“இன்டைக்கு வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க. காலையில நீங்க வாரவரைக்கும் சாவி போட மாட்டேன்.”

ஸுபஹு தொழுதுவிட்டுப் போனேன். குளிர்ந்து கிடந்த எஞ்சினின் மேல் ஹோஸை விரல்களால் அமுக்கிப் பார்க்கச் சொன்னார். இளகியிருந்தது. அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு தெளிவு.

அவர் விளக்கியதை என் வார்த்தைகளில் சொல்கிறேன். சூடேறியதும் ஹோஸ் இறுகுவது நோயல்ல, அது இயல்பு. சூட்டில் தண்ணீர் விரிகிறது, ஆவி சேர்கிறது. ஆறியதும் ஆவி நீராகி, தண்ணீர் சுருங்கி, அந்த இறுக்கம் தானாக இல்லாமற் போய்விடும். எரிந்த வாயு உள்ளே புகுந்திருந்தால் அது ஆறினாலும் நீராகாது. அடைபட்டே கிடக்கும். இரவு முழுதும் ஆறிய பிறகும் காலையில் ஹோஸ் இறுகியே இருந்தால் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

“சூட்டில இறுகுறத்துக்குப் பயப்பட வேண்டாம் நானா. ஆறின பிறகும் இறுகி இருந்தாத்தான் பயப்படணும்.”

அவர் வேனைப் பற்றித்தான் சொன்னார்.

ஆனால் ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து அவர் முடிவு சொல்லவில்லை. ஒழுகும் இடம் வேறு இருந்தால் அந்த வாயுவும் அதன் வழியே போயிருக்கலாம் அல்லவா? மூடியைத் திறந்துவிட்டு, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் வாயில் டோர்ச் அடித்துப் பார்த்தார். என்னை எக்ஸலேட்டரை மிதிக்கச் சொன்னார். குமிழி தொடர்ந்து வரவில்லை. ஒயில் குச்சியை உருவிப் பார்த்தார். பால்தேநீர் நிறமில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகையுமில்லை. வாயு தண்ணீருக்குள் வருகிறதா என்று பார்க்க நீல நிறத் திரவம் ஒன்றும் உண்டு. ரேடியேட்டர் வாயில் வைத்து அங்குள்ள காற்றை அதனூடாக உறிஞ்சுவார்கள். எரிந்த வாயு இருந்தால் நீலம் நிறம் மாறும். அதையும் செய்தார். நீலம் நீலமாகவே இருந்தது.

பிறகு கைப்பம்பை எடுத்தார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப்போல, மீட்டர் பொருத்தியது. முதலில் மூடியை அதில் பூட்டி அடித்தார். 0.9 வரை பிடித்தது. மூடி சுகம். அடுத்து, எஞ்சினை ஆறவிட்டு, ரேடியேட்டர் வாயில் பம்பைப் பூட்டி 0.9க்கு அடித்துவிட்டு, “தேத்தண்ணி குடிப்போம்” என்றார்.

பத்து நிமிடத்தில் முள் 0.6க்கு இறங்கியிருந்தது. எங்கேயோ போகிறது. மறுபடி அடித்துவிட்டுக் கீழே படுத்துத் தேடினார். வோட்டர் பம்ப் உலர்ந்திருந்தது. ஹோஸ்களின் கிளிப் உலர்ந்திருந்தன. ரேடியேட்டரின் விளிம்பிலும் ஒன்றுமில்லை. எழுந்து வந்து கேட்டார்:

“பின் சீட்டில இரிக்கிற பிள்ளைகள் ஏதாச்சும் சென்னாங்களா?”

சொல்லியிருந்தாள் ஒருத்தி. நான்காம் வகுப்புப் பிள்ளை. “அங்கிள், இங்க இனிப்பு வாசம் வருது” என்று இரண்டு நாளைக்கு முன்புதான் சொன்னாள். யாரோ சிந்திய குளிர்பானமாக்கும் என்று சீட்டுக்கடியில் துடைத்துக்கூடப் பார்த்தோம். பாஸ் அதைக் கேட்டதும் நடு சீட்டைக் கழற்றி, ரப்பர் விரிப்பை உரித்து, அதன் கீழிருந்த ஃபெல்ட்டை அமுக்கினார். பச்சை நிறத்தில் கூலன்ட் கசிந்தது. அதன் வாசம் இனிப்பாகத்தான் இருக்கும். குடித்தால் நஞ்சு.

ஜப்பானில் பனிக்காலத்துக்காக இந்த வேன்களின் பின்பக்கத்துக்கும் தனி ஹீட்டர் வைப்பார்கள். எஞ்சினிலிருந்து சுடுதண்ணீர் இரண்டு இரும்புக் குழாய்களில் வண்டிக்கடியால் ஓடிவந்து, தரையைத் துளைத்து மேலேறி அந்த ஹீட்டருக்குள் போகும். கண்டியில் அதை யாரும் போடுவதில்லை. ஆனால் நாம் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தக் குழாயில் தண்ணீரும் அமுக்கமும் இருந்துகொண்டேயிருக்கும். குழாய் தரையைத் துளைக்கும் இடத்தில் துருப்பிடித்து, ஊசிமுனையளவு ஓட்டை. அதிலிருந்து போனதில் பாதி ஆவியாகவும் மீதி ஃபெல்ட்டுக்குள்ளும் போயிருக்கிறது. நிலத்தில் எப்படிச் சொட்டும்? மட்டமான வீதியில் அந்த ஓட்டையால் பெரிய பாதிப்பில்லை. ஏற்றத்தில் சூடு கூடி, அமுக்கம் தேவைப்படும் நேரத்தில் அது நிற்பதில்லை. நிற்காததால் தண்ணீர் முன்கூட்டியே கொதிக்கிறது. கொதித்த ஆவி மிச்சத் தண்ணீரையும் போத்தலுக்குத் தள்ளிவிடுகிறது. ஆறும்போது, போத்தலிலிருந்து தண்ணீரை உறிஞ்ச வேண்டிய ரேடியேட்டர் அந்த ஓட்டையால் காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. எல்லா அடையாளங்களும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன.

இரண்டு குழாய்களையும் எஞ்சினருகிலேயே வெட்டி, ஒரு ஹோஸால் இணைத்துவிட்டார். கூலன்ட் நிரப்பி, உள்ளே அகப்பட்ட காற்று முழுதும் வெளியேறும்வரை மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டார். மறுபடி பம்பைப் பூட்டி 0.9. கால் மணி நேரமாகியும் முள் அசையவில்லை. கூலன்டோடு சேர்த்துப் பதினோராயிரம் ரூபா. லுஹருக்கு முன் வேலை முடிந்தது. பகல் இரண்டு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டேன். அதன்பிறகு கடுகண்ணாவையை ஆள் நிறைத்து எத்தனையோ தடவை ஏறியாயிற்று.

ஒரு இலட்சத்து எண்பதாயிரம் பதினோராயிரமானதைச் சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. முதல் கராஜ்காரர் ஏமாற்றுக்காரர் என்றும் சொல்ல மாட்டேன். சூடேறிய பத்து டொல்பின்களில் கேஸ்கட் போனதைப் பல தடவை கண்டிருப்பார். பதினோராவதையும் அப்படியே கண்டார். பாஸின் முறை வேறு. செலவில்லாத கேள்வியை முதலில் கேட்டார். கையால் தொட்டுப் பார்ப்பது அடுத்தது. பிறகு கண்ணால் பார்ப்பது. பிறகு கருவி. கழற்றுவது கடைசியில். ஒவ்வொரு படியிலும், தான் நினைப்பது பிழையாக இருக்கலாம் என்று அதற்கொரு வாய்ப்புக் கொடுத்தார். பின் சீட்டிலிருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் மூக்கையும் சாட்சியாக எடுத்துக்கொண்டார். அடுத்தவனுடைய வண்டி கையில் இருக்கும்போது அதுவும் ஓர் அமானிதம்தான். அந்த வண்டியில் பிள்ளைகள் ஏறப்போகிறார்கள் என்றால் அது இன்னும் பாரமான அமானிதம்.

பழைய வேன் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வாரத்தில் ஒரு நாளாவது, காலையில் சாவி போடுமுன் சீட்டைத் தூக்கி மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். ஆறிய நிலையில் மூடியைத் திறந்து, வளையம் வெடித்திருக்கிறதா, நடு வால்வு விரலுக்கு இழுபடுகிறதா என்று கவனியுங்கள். போத்தலை மட்டும் பார்த்து ஏமாறாமல் ரேடியேட்டர் வாயையும் பாருங்கள். பின் ஹீட்டர் குழாய் உங்கள் வேனிலும் இருக்கலாம், அதைத் தேடிப் பாருங்கள். தண்ணீர் அதிகம் குறைந்துவிட்டால் உணரி ஆவியில் நிற்கும், முள் பொய்யாகக் கீழே காட்டும். ஆகவே ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால் சந்தோஷப்படாமல் ஓரம் கட்டுங்கள். வெந்து கிடக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். யாராவது ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றால் கோபிக்க வேண்டாம். பம்ப் அடித்துப் பார்த்தீர்களா, முள் எவ்வளவு இறங்கியது, எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்று மட்டும் கேளுங்கள்.